தச்சுப் பட்டறையில் நீளக் கிளாம்ப்: செய்வதும் செம்மைப்படுத்துவதும்

மரவேலையில் இணைப்பின் உறுதி பசையின் உயர்வைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே ஆகும். பசை எத்துணைச் சிறந்ததாயினும், அது உலர்ந்து கெட்டிப்படும் வரையில் இரு பலகைகளின் விளிம்புகளும் இடைவெளி சிறிதுமின்றி ஒன்றையொன்று அணைத்து நிற்றல் வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்தால் சேர்ந்துவிட்டதாகத் தோன்றும் பலகைகள், கையை எடுத்த மாத்திரத்தில் மயிரிழை அளவு விலகிக்கொள்கின்றன. அந்த மயிரிழைப் பிளவு நாற்காலியிலும் கதவிலும் ஒருநாள் விரிசலாக வெளிப்படுகிறது. இந்த இடைவெளியை அடைத்துப் பிடிப்பதற்கென்றே அமைந்த கருவியைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேசக் கருதுகிறேன்.

இக்கருவியை நூல்களில் இறுக்கி என்றும் பிடிப்பான் என்றும் எழுதுவர். பட்டறையில் அவ்வாறு சொன்னால் எவரும் எடுத்துத் தரமாட்டார்கள். அங்கே அது கிளாம்ப். குறுகியது சி கிளாம்ப். நீண்ட சட்டத்தின் ஒரு முனையில் திருகும், சட்டத்தின்மேல் நகரும் ஒரு தாடையும் கொண்டது பார் கிளாம்ப் அல்லது சேஷ் கிளாம்ப். வழங்கும் சொல்லையே நாமும் வழங்குவோம்.

நீளக் கிளாம்ப் முன்னாளைவிட இந்நாளில் மிகுதியாகத் தேவைப்படுவதற்குக் காரணம் காட்டிலிருந்தே தொடங்குகிறது. இரண்டடி அகலமுள்ள ஒரே தேக்குப் பலகை என்பது இன்று பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில்தான் கிடைக்கிறது. தோட்டத்தில் வளர்த்து இளமையில் வெட்டிய மரம் நான்கு அங்குலம், ஐந்து அங்குலப் பலகைகளையே தரும். மேசையின் மேற்பலகை அகலமாக வேண்டுமாயின் அத்தகைய ஐந்தாறு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஜோத்பூரிலிருந்து வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் மாமரத்து மேசைகளையும் சீசம் மரத்து அலமாரிகளையும் உற்று நோக்குவோர், அவற்றின் பரப்பில் இணைப்புக் கோடுகள் வரிசையாக ஓடுவதைக் காண்பர். அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கிளாம்பின் பிடியில் இருந்து வெளிவந்ததாகும்.

அங்ஙனமாயின் நம் முன்னோர் கிளாம்ப் இன்றி எவ்வாறு வேலை செய்தனர் என்று கேட்கலாம். அவர்கள் பெரும்பாலும் பசையை நம்பவில்லை. கழுந்தையும் துளையையும் ஆப்பையும் மரமுளையையும் நம்பினர். பசை வேண்டிய இடத்தில் வச்சிரத்தைக் காய்ச்சித் தடவினர். தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் அந்தப் பசைக்கு ஓர் அரிய குணம் உண்டு. சூடாகத் தடவி, இரு விளிம்புகளையும் முன்னும் பின்னுமாகத் தேய்த்தால், மிகுந்த பசை வெளியேறி, எஞ்சிய மெல்லிய படலம் குளிர்ந்து கூழாக இறுகும்போது பலகைகளைத் தானே பற்றிக்கொள்ளும். ஆகையால் நன்கு இழைத்த சிறு பலகைகளைக் கிளாம்ப் இன்றியே சேர்க்க முடிந்தது. ஈரம் பட்டால் அப்பிடி தளர்ந்துவிடும் என்பது அதன் குறை.

1959ஆம் ஆண்டில் ஃபெவிகால் என்னும் வெள்ளைப் பசை இந்தியச் சந்தைக்கு வந்தது. காய்ச்ச வேண்டாம், நாற்றமில்லை, டப்பாவைத் திறந்து தடவிவிடலாம். தச்சர்கள் அதனை ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் வெள்ளைப் பசை வச்சிரத்தைப் போலக் குளிர்ந்து இறுகுவதில்லை. அதிலுள்ள நீர் மரத்துக்குள் ஈர்க்கப்பட்டும் ஆவியாகியும் சென்ற பிறகே அதன் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் படலமாகின்றன. அதற்கு நேரம் செல்லும். அரை மணி முதல் ஒரு மணி வரை, மழைக்காலமாயின் இன்னும் கூடுதலாக, அழுத்தம் மாறாமல் இருத்தல் வேண்டும். முழு வலிமை வருவதற்கு ஒருநாள் ஆகும். பசை மாறியது, அதற்கேற்பக் கருவிகளும் பெருகியிருக்க வேண்டும். பல சிறு பட்டறைகளில் அவ்வாறு பெருகவில்லை. இரண்டு கிளாம்ப் மட்டும் வைத்திருக்கும் தச்சர் என்ன செய்கிறார்? பசையைத் தடவி, ஆணியை அடித்து, அந்த ஆணியையே கிளாம்பாக எண்ணிக்கொள்கிறார். ஆணி இரு பலகைகளையும் அடித்த இடத்தில் மட்டும் நெருக்குகிறது. இரண்டு ஆணிகளுக்கு நடுவே இணைப்பு வாய் திறந்து நிற்கிறது. வாங்கியவர் ஓராண்டில் பழுதைக் கண்டு மரத்தைக் குறை கூறுகிறார். மரம் செய்த பிழை அதில் ஒன்றுமில்லை.

ஓர் இணைப்புக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும்? வெள்ளைப் பசைக்கு, மென்மரமாயின் சதுர சென்டிமீட்டருக்கு 7 முதல் 10 கிலோ எடையும், கடின மரமாயின் 12 முதல் 17 கிலோ எடையும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு மீட்டர் நீளமும் 25 மில்லிமீட்டர் கனமும் உள்ள பலகை விளிம்பின் பரப்பு 250 சதுர சென்டிமீட்டர். மென்மரத்துக்கே 1,750 கிலோ அழுத்தம் தேவையாகிறது. கடின மரமாயின் குறைந்தது 3,000 கிலோ. இது கேட்போரைத் திகைக்கச் செய்யும் எண்.

இனி ஒரு கிளாம்ப் எவ்வளவு தரும் என்று பார்ப்போம். திருகின் குறுக்குக் கம்பியை அச்சிலிருந்து 75 மில்லிமீட்டர் தொலைவில் பிடித்து, 10 கிலோ விசையுடன் ஒரு சுற்றுச் சுற்றுகிறோம் என்று கொள்க. கை செல்லும் தொலைவு ஏறக்குறைய 471 மில்லிமீட்டர். மரைக்கு மரை இடைவெளி 4 மில்லிமீட்டராயின், திருகு முன்னேறுவது அவ்வளவே. ஆகவே உராய்வு என்பதே இல்லையெனில் விசை 118 மடங்கு பெருக வேண்டும். ஆனால் மரைகளின் உராய்வும் திருகு முனையின் உராய்வும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்கை விழுங்கிவிடுகின்றன. எஞ்சுவது 230 கிலோ அளவாகும். இந்த உராய்வை நாம் வைதுகொள்ள வேண்டியதில்லை. கையை எடுத்த பின்னும் திருகு தானே பின்னோக்கிச் சுழலாமல் நிற்பது அதனால்தான்.

எனவே மேற்சொன்ன மென்மரப் பலகைக்கு எட்டுக் கிளாம்ப், கடின மரத்துக்குப் பதின்மூன்று என்று கணக்கு சொல்லுகிறது. அத்தனை வைத்து வேலை செய்யும் பட்டறை அரிது. நான்கைந்து வைத்து நல்ல இணைப்புச் செய்வோர் உண்டு. விளிம்பை அவ்வளவு நேர்த்தியாக இழைப்புளியால் இழைத்திருப்பார்கள் என்பதே அதன் பொருள். அழுத்தம் குறையும் அளவுக்கு இழைப்பு உயர வேண்டும். கிளாம்பைக் கொண்டு கோணல் விளிம்பை வலிந்து சேர்ப்பவர், பலகைக்குள் ஒரு வில்லை வளைத்து வைக்கிறார். அந்த வில் என்றேனும் நிமிரும். அதிகமாக இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி இணைப்பு வறண்டுபோகும் என்று அஞ்சுவோர்க்கும் இக்கணக்கே விடையாகும். கையால் திருகும் நான்கு கிளாம்ப்களைக் கொண்டு அந்த எல்லையைத் தொடுவது எளிதன்று.

கிளாம்ப் கடையில் கிடைக்கிறதே, நாமே ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழும். ஜலந்தரும் நாகௌரும் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். வாங்க முடிந்தவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் வேண்டியது ஒன்றிரண்டு அன்று, எட்டும் பத்தும். அன்றியும் கிளாம்பின் உயிர்நாடியான சட்டம் நீளமான ஒரு பட்டையே அன்றி வேறில்லை. திருகையும் நட்டையும் வாங்கி, சட்டத்தையும் தாடையையும் தாமே செய்துகொள்வதுதான் சிறு பட்டறைக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து.

எல்லாவற்றிலும் எளியது ஆப்புக் கிளாம்ப். இரும்பு எதுவுமே இல்லாமல் இதனைச் செய்யலாம். 75 மில்லிமீட்டர் உயரமும் 40 மில்லிமீட்டர் கனமும் உள்ள, முடிச்சில்லாத நேர்வரி மரச்சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்க. ஒரு முனையில் கெட்டியான முட்டுக் கட்டை ஒன்றை இரண்டு போல்ட்டுகளால் பிணைத்துவிட வேண்டும். மற்றொரு கட்டையைச் சட்டத்தில் வரிசையாக இட்ட துளைகளில் வேண்டிய இடத்தில் பொருத்தும்படி செய்ய வேண்டும். பலகைகளை இடையே வைத்து, எஞ்சிய இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகிக் கொட்டாப்புளியால் தட்டினால் போதும். ஆப்பின் சரிவு எட்டுக்கு ஒன்று இருக்கலாம். அதாவது 8 சென்டிமீட்டர் நீளத்தில் 1 சென்டிமீட்டர் ஏற்றம். அந்தச் சரிவு ஏழு பாகைக்குச் சற்று மேல். மரத்தின்மேல் மரம் வழுக்கத் தொடங்குவதற்கு அதைவிட அதிகச் சரிவு வேண்டுமாதலால், ஆப்பு தானே வெளியே வருவதில்லை. ஒற்றை ஆப்பு அடித்தால் பலகையின் விளிம்பு ஒருபக்கமாக இழுபடும். இரண்டு ஆப்புகள் எதிரெதிரே செல்லும்போது அவற்றின் வெளிப்பக்கங்கள் இணையாகவே இருப்பதால் அழுத்தம் நேராக விழுகிறது.

மரச்சட்டம் என்றதும் அது வலுவற்றது என்று எண்ணிவிடலாகாது. இரும்பு தேக்கைவிடச் சுமார் இருபது மடங்கு விறைப்பானது என்பது உண்மை. ஆயினும் வளையாமல் நிற்கும் திறம் சட்டத்தின் உயரத்தை மும்மடி பெருக்கிய அளவில் உயர்கிறது. மேற்சொன்ன 75க்கு 40 தேக்குச் சட்டத்தையும், 40க்கு 6 இரும்புப் பட்டையையும் ஒப்பிட்டால், மீட்டருக்கு இரண்டும் ஏறத்தாழ 1.9 கிலோ எடையே உள்ளவை. விறைப்பிலோ தேக்குச் சட்டம் இரும்பைப்போல் இருமடங்கு. இடத்தை அடைத்துக்கொள்வது ஒன்றே அதன் குறைபாடு. இரும்பு விலை ஏறிய காலத்தில் இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இப்பொழுது இரும்புச் சட்டத்துக்கு வருவோம். கிளாம்பின் திருகு சட்டத்தின் நேர்மேல் இல்லை. சட்டத்துக்குச் சிறிது உயரத்தில் இருக்கிறது. ஆகையால் இறுக்கும்போதெல்லாம் சட்டம் வில்லைப்போல் வளைகிறது. பட்டறைக்காரர் பலர் இரும்புக் கடைக்குச் சென்று 25க்கு 6 பட்டையை வாங்கிவிடுகின்றனர். மெட்ரிக் அளவு 1958 முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்ட போதிலும், நம் தச்சர் அதனை ஓரங்குலத்துக்கு இரண்டு நூல் என்றே கேட்பார். எட்டு நூல் ஓர் அங்குலம். திருகு சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து 50 மில்லிமீட்டர் மேலே இருந்து, 200 கிலோ அழுத்தம் கொடுத்தால், ஒரு மீட்டர் நீளமுள்ள அந்தப் பட்டை நடுவில் சுமார் 8 மில்லிமீட்டர் வளையும். ஒன்றரை அங்குலம், அதாவது 40க்கு 6 பட்டையாயின் வளைவு 2 மில்லிமீட்டரே. எடை மீட்டருக்கு 1.2 கிலோவிலிருந்து 1.9 கிலோவாக உயர்கிறது. வளைவோ நான்கில் ஒன்றாகக் குறைகிறது. சட்டம் 8 மில்லிமீட்டர் வளைந்தால் தாடைகள் இரண்டும் மேற்பக்கம் வாய் விரிகின்றன. பலகையின் அடிவிளிம்பு மட்டும் நெருங்கி, மேல்விளிம்பு திறந்து கொள்கிறது. வேலை முடித்து எடுத்த மேசைப் பலகை கவிழ்ந்த ஓடுபோல் இருப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். ஆகவே சேமிக்க வேண்டிய இடம் சட்டத்தின் உயரம் அன்று. பட்டையைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தியே பொருத்த வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டத்தில் 50 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 10 மில்லிமீட்டர் துளைகள் இடுக. துளைகள் பட்டையின் நடுக்கோட்டிலேயே அமைய வேண்டும். துளையிட்டால் பட்டை வலுவிழந்துவிடாதா என்று ஐயுறுவோர் உண்டு. வளையும் சட்டத்தில் மேல்விளிம்பும் கீழ்விளிம்புமே பளு தாங்குகின்றன; நடுப்பகுதி ஏறக்குறைய ஓய்ந்திருக்கிறது. 40 மில்லிமீட்டர் பட்டையின் நடுவே 10 மில்லிமீட்டர் துளை இடுவதனால் வளைவைத் தாங்கும் வலு நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் குறைவதில்லை. ஆனால் அதே பட்டையின் கீழ்விளிம்பில் அரத்தால் வெட்டுப் பற்கள் இட்டால், பளு தாங்கும் இடத்திலேயே வெட்டியதாகும். விரிசல் அங்கேதான் தொடங்கும். துளையிடுமுன் நேர்கோடு கீறி, பஞ்ச் கொண்டு புள்ளியடித்து, முதலில் சிறு துளையும் பின்பு பெருந்துளையும் இட்டால் வரிசை பிசகாது. நான்கு சட்டங்களை ஒன்றாகக் கட்டி ஒரே தடவையில் துளையிடுவது நேரத்தையும் மிச்சப்படுத்தும். எல்லாச் சட்டங்களும் ஒரே அளவாகவும் அமையும்.

நகரும் தாடை, பட்டையைத் தழுவிய ஒரு சிறு கூடு. துளையில் செருகிய முளை அதனைப் பின்னே நகராமல் தடுக்கிறது. 10 மில்லிமீட்டர் எஃகு முளை ஒன்று இந்தப் பளுவை விளையாட்டாகத் தாங்கும். ஆணியை வெட்டி முளையாகச் செருகும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். தாடையின் முகத்தில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. அதனைச் சரியான செங்கோணத்தில் அமைக்காமல், 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி அமைக்க வேண்டும். பளு ஏறும்போது சட்டம் வளைந்து தாடை பின்சாயும். அப்பொழுது முகம் செங்கோணத்துக்கு வந்து நிற்கும். வெறுமனே வைத்து மூலைமட்டத்தால் சோதிப்பவருக்கு இந்தத் தாடை கோணலாகத் தோன்றும். இறுக்கிய பின் சோதித்தால் அதன் அருமை விளங்கும்.

திருகின் மரை எத்தகையது வேண்டும்? கடையில் எளிதில் கிடைக்கும் 16 மில்லிமீட்டர் மரைத்தண்டின் மரைகள் கூரானவை. இடைவெளி 2 மில்லிமீட்டர். நுண்ணிய மரையாதலின் விசை இருமடங்காகும் என்று நினைக்கலாம். உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. திருகும் நேரமோ உண்மையாகவே இருமடங்காகும், கூர்மரை விரைவில் தேய்ந்தும் போகும். 4 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தட்டைத்தலை மரையைக் கடைசல் பட்டறையில் வெட்டி வாங்க முடிந்தால் அதுவே மேல். முடியாதாயின் கூர்மரையும் வேலை செய்யும். ஆனால் ஒற்றை நட்டுக்குப் பதிலாக, தண்டின் குறுக்களவைப்போல் மும்மடங்கு நீளமுள்ள இணைப்பு நட்டைத் தலையில் பற்றவைத்துக்கொள்க. தேய்வு பல மரைகளில் பங்கிடப்பட்டு ஆயுள் கூடும். துளைகளின் இடைவெளி 50 மில்லிமீட்டர் என்பதால் திருகின் ஓட்டம் குறைந்தது 75 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு துளைக்கு எட்டாமலும் அடுத்ததற்கு மிஞ்சியும் தச்சர் அல்லலுற நேரும்.

திருகின் முனை மரத்தின்மேல் நேரே சுழன்றால் குடைந்துவிடும். ஆதலின் முனையில், திருகு சுழலும்போது தான் சுழலாத ஒரு தட்டு வேண்டும். முனையைச் சிறிது கடைந்து தட்டின் துளைக்குள் விட்டு, மறுபுறம் பிளவு முளையால் தடுத்துவிடலாம். முனைக்கும் தட்டுக்கும் இடையே பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு ஒன்றை ஒரு சொட்டுக் கிரீஸுடன் வைத்துவிட்டால், முன்பு சொன்ன உராய்வு இழப்பில் கணிசமான பங்கு குறையும். அரை மணி வேலையில் கிடைக்கும் இந்த ஆதாயத்தைப் பலர் கருதுவதேயில்லை. அதற்குப் பதிலாகக் குறுக்குக் கம்பியில் நீளக் குழாயைச் செருகித் திருகுகின்றனர். அது நட்டின் மரையை உரித்துவிடும்.

முளையில்லாமல், சாய்ந்து கவ்வும் தாடை கொண்ட கிளாம்பும் உண்டு. வேண்டிய இடத்துக்கு விரைவாக நகர்த்தலாம் என்பது அதன் சிறப்பு. இதனைச் செய்ய முயல்வோர் பெரும்பாலும் தோல்வியுறுவது ஒரே காரணத்தால். சட்டத்தைத் தழுவும் கூட்டை நீளமாகச் செய்தால் உறுதியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். நீளம் கூடக் கூட அது கவ்வாமல் வழுக்குகிறது. திருகின் உயரத்தை இருமடங்காக்கி, உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வரும் அளவுக்கு மேல் கூட்டின் நீளம் போகக்கூடாது. திருகு சட்டத்தின் நடுவிலிருந்து 60 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்து, இரும்புக்கு இரும்பு உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், கூடு 24 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முளை வைத்த கிளாம்பின் சட்டத்துக்கு மெழுகு பூசலாம். சாய்ந்து கவ்வும் கிளாம்பின் சட்டத்திலோ எண்ணெய்ப் பசையே ஆகாது. இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றுக்கும் எண்ணெயிட்டு, பின் பிடிக்கவில்லையே என்று வருந்துவோர் உண்டு.

தண்ணீர்க் குழாயைச் சட்டமாகக் கொண்டு செய்யும் கிளாம்பும் பல நாடுகளில் வழங்குகிறது. முக்கால் அங்குலக் குழாய் வேண்டிய நீளத்தில் எங்கும் கிடைக்கும். முனைகளில் மரை இட்டு இரண்டை இணைத்து நீளமாக்கவும் செய்யலாம். வளைவதில் அது பட்டையைவிடச் சற்று எளியது என்பதை மறக்கலாகாது. இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. துத்தநாகம் பூசிய குழாயின்மேல் வெல்டிங் வைத்தால் எழும் வெண்புகை நச்சுத்தன்மை உடையது. அதனைச் சுவாசித்தவர்க்குச் சில மணி நேரத்துக்குப் பின் நடுக்கமும் காய்ச்சலும் காணும். பற்றவைக்கும் இடத்தில் பூச்சை அரத்தால் முற்றிலும் நீக்கி, காற்றோட்டமான வெளியில் வேலை செய்ய வேண்டும். கறுப்புக் குழாய் கிடைக்குமாயின் அதுவே நன்று.

ஏற்கெனவே அலுமினியக் கிளாம்ப் வாங்கி வைத்திருப்பவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. மலிவான அலுமினியச் சட்டம் உள்ளே பொள்ளலாய், கீழ்ப்பக்கம் திறந்ததாய் இருக்கும். அது வளைவதைக் காட்டிலும் முறுக்கிக்கொள்வதும், மெல்லிய சுவர்கள் அமுங்குவதுமே அதன் நோய். நன்கு உலர்ந்த கடின மரத்தில், உள்ளளவுக்குச் சற்றே இறுக்கமாக ஒரு நீளச் சட்டத்தை இழைத்து, மெழுகு தடவி, கொட்டாப்புளியால் தட்டி உள்ளே செலுத்துக. இரு முனைகளிலும் ஒவ்வொரு திருகாணி போட்டுவிட்டால் அது வெளிவராது. எடை சிறிதளவே கூடும். முறுக்கமோ பெருமளவு அடங்கிவிடும். அதன் தாடைகளில் பலகைத் துண்டுகளை நிலையாகப் பொருத்திவிட்டால், ஒவ்வொரு தடவையும் துண்டு தேடி ஓடும் தொல்லையும் நீங்கும். பசை தடவிய பின் சில நிமிடங்களே கைவசம் உள்ளன. வெயில் காலத்தில் அதுவும் குறைவு. அந்நேரத்தில் துண்டு தேடுவது ஆபத்தானது.

கையாளும் முறையிலும் இரண்டொன்றைச் சொல்ல வேண்டும். அழுத்தம் தாடையிலிருந்து விசிறிபோல் இருபுறமும் பாதிச் செங்கோணத்தில் விரிந்து செல்லுகிறது. தாடைக்கும் இணைப்புக்கும் இடையே 100 மில்லிமீட்டர் அகலப் பலகை இருந்தால், ஒரு கிளாம்ப் இணைப்பில் சுமார் 200 மில்லிமீட்டர் நீளத்தை ஆளும். குறுகிய பலகையாயின் இந்த விசிறி விரிவதற்குள் இணைப்பு வந்துவிடும். அதன் வெளிவிளிம்பில் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள அணைகட்டை ஒன்றை நீளவாட்டில் வைத்தால், ஆட்சி எல்லை மேலும் 100 மில்லிமீட்டர் பெருகும். கிளாம்ப் குறைவாக உள்ள பட்டறைக்கு அணைகட்டையே பாதிக் கிளாம்ப் என்று சொல்லத் தகும். அடுத்து, எல்லாக் கிளாம்ப்களையும் பலகையின் அடியிலேயே வைக்காமல், ஒன்றை அடியிலும் மற்றொன்றை மேலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒன்றின் வளைவை மற்றொன்று ஈடுசெய்யும்.

கதவுச் சட்டம் போன்றவற்றை இறுக்கும்போது மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் இரு மூலைவிட்டங்களையும் கோலால் அளந்து பார்க்க வேண்டும். ஒன்று நீண்டிருந்தால் கிளாம்பின் முனைகளை அந்த நீண்ட மூலைவிட்டத்தின் பக்கமாகச் சிறிது சாய்த்து வைத்து இறுக்கினால், சட்டம் தானே செங்கோணத்துக்கு வரும். பசை தடவுமுன் ஒருமுறை வெறுமனே இறுக்கிப் பார்த்துவிடுவது இன்றியமையாதது. அப்பொழுது தெரியும் கோணலை இழைப்புளி திருத்தும். பசை தடவிய பின் தெரியும் கோணலுக்கு மருந்து இல்லை.

கருவேலம் போன்ற துவர்ப்பு மிக்க மரங்களில், ஈரப் பசையும் இரும்புச் சட்டமும் ஒருங்கே தொட்டால் மைபோன்ற கறுப்புக் கறை படியும். அது இழைத்தாலும் எளிதில் போகாது. சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே மெழுகுத்தாளோ பிளாஸ்டிக் தாளோ இட்டுவிட்டால் இத்தொல்லை இல்லை. பிதுங்கிய பசையைக் கூழ்ப்பதத்தில் இருக்கும்போதே உளியால் வழித்துவிடுவது மேல். திருகின் மரையில் அது காய்ந்துவிட்டால், கம்பித் தூரிகையால் தேய்த்து, மெழுகுவத்தித் துண்டால் ஒருமுறை பூசிவிடுக. முளைகள் தொலைந்துபோகும் இயல்புடையன; ஒவ்வொரு முளையையும் ஒரு சாண் சங்கிலியால் அதன் தாடையோடு பிணைத்துவிட்டுக் கிளாம்பைச் சுவரில் தொங்கவிடலாம்.